வீட்டுப் பின்பக்கம் ஹைட்ரோபோனிக்ஸ்: தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீருக்கு ஏற்ற முதல் அமைப்பு

மண் இல்லாமல் கீரை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பி.வி.சி. பைப் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது தலைகீழ் வரிசை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது வீட்டுத் தண்ணீரை. பைப்பும் பம்பும் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். தண்ணீர் மட்டும் தெருவுக்குத் தெரு மாறும். ஹைட்ரோபோனிக்ஸில் செடிக்கு வேறு போக்கிடமே கிடையாது, வேர் முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

மண் செய்யும் வேலை மூன்று. செடியை நிற்க வைக்கிறது, நீரையும் சத்தையும் சேர்த்து வைத்துக் கொடுக்கிறது, மண் துகள்களின் இடுக்கில் வேருக்குக் காற்றை வைத்திருக்கிறது. மண்ணை எடுத்துவிட்டால் இந்த மூன்றையும் நாம் செய்து தர வேண்டும். நிற்க வைக்க நெட் பாட் என்னும் ஓட்டைக் கிண்ணமும் கொஞ்சம் ஜல்லியும் போதும். சத்துக்கு, நீரில் முழுதாகக் கரையும் உரங்கள். காற்றுதான் புதியவர்கள் மறந்துபோகும் விஷயம். வேரும் மூச்சு விடுகிறது. அசையாத, சூடான தண்ணீரில் முழுக அமுக்கி வைத்தால் சில நாளில் அழுகிவிடும். சந்தையில் பல பெயர்களில் விற்கும் அமைப்புகள் எல்லாமே வேருக்குக் காற்றையும் நீரையும் ஒரே நேரத்தில் கொடுப்பதற்கான வெவ்வேறு வழிகள்தாம்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மண்ணுக்குத் தாங்கும் குணம் உண்டு. உரம் கொஞ்சம் கூடினாலும், தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் மண் அதை உள்வாங்கிச் சமாளிக்கும். வெறும் தண்ணீருக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால்தான் இதில் எல்லாவற்றையும் அளந்து செய்ய வேண்டியிருக்கிறது.

தண்ணீர்

இரண்டு மாவட்டங்களிலும் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பாறைக்குள் இருக்கும் தாதுக்கள் நீரில் கரைந்து வருவதுதான் காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்ற சொற்கள் இருக்கின்றன. ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்தான் ஃபுளோரோசிஸ். இந்தியத் தரக் குறியீட்டின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. இதைச் செடி வளர்ப்புக் கட்டுரையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொட்டியில் நீர் ஆவியாகும்போது ஃபுளோரைடும் உப்பும் ஆவியாவதில்லை. நாம் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், அவை உள்ளேயே சேர்ந்துகொண்டே போகின்றன. குடிக்காதீர்கள் என்று ஒதுக்கிய தண்ணீரில் சாப்பிடும் கீரையை வளர்க்காமல் இருப்பதே சரி. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது.

அடுத்தது கடினத்தன்மையும் காரத்தன்மையும். பக்கெட்டில் வெள்ளைப் படலம் படிகிறது, சோப்பு நுரைக்கவில்லை, ஹீட்டர் ராடில் சுண்ணாம்பு ஏறுகிறது என்றால் உங்கள் போர் அந்த வகை. அந்தத் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும். அது பி.எச்.-ஐ, அதாவது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் 6-க்குக் கொண்டுவந்தால் மறுநாள் 7-ஐத் தாண்டி நிற்கும். அப்போது இரும்புச் சத்து தண்ணீரில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகும்.

ஆக, முதல் செலவு இரண்டு பேனா மீட்டர்கள்: ஒன்று ஈ.சி. மீட்டர், மற்றது பி.எச். மீட்டர். ஈ.சி. என்பது தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் எண். எந்த உப்பு என்று சொல்லாது, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். இங்கே தரும் ஈ.சி. எண்கள் எல்லாம் mS/cm அலகில். டி.டி.எஸ். மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் அதுவும் போதும். பெரும்பாலான மலிவு மீட்டர்களில் 500 பி.பி.எம். என்பது ஈ.சி. 1.0-க்குச் சமம். சில மீட்டர்கள் 700-ஐக் காட்டும், அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பி.எச். மீட்டருடன் வரும் 4.0, 7.0 பொடிகளைக் கரைத்து மாதம் ஒரு முறை சரிபார்க்காவிட்டால் அது சொல்லும் எண்ணை நம்ப முடியாது.

வெறும் தண்ணீரின் ஈ.சி. 0.3-க்குள் இருந்தால் அருமை. 0.7 வரை சமாளிக்கலாம். 1.0-க்கு மேல் போனால் கலக்காமல் பயன்படுத்த வேண்டாம், ஏனென்றால் சத்து சேர்ப்பதற்கு முன்பே அதன் இடத்தை உப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது.

கலப்பதற்கு மழைத் தண்ணீரைப் போல வேறில்லை. 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் விழுகிறது. முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடித்தாலும் 400 லிட்டர் தேறும். கோடை இடிமழை ஒன்று, செப்டம்பர், அக்டோபர் மழை ஒன்று என்று இரண்டு முறை டிரம்மை நிரப்பிக்கொள்ள இங்கே வாய்ப்பு உண்டு. போர் தண்ணீர் 1.6 ஈ.சி. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கும் மழைத் தண்ணீர் மூன்று பங்கும் சேர்த்தால் 0.45-ஐ ஒட்டி வந்துவிடும். ஃபுளோரைடும் அதே கணக்கில் நாலில் ஒரு பங்காகிவிடும். முழுக்க மழைத் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்தினால் பி.எச். ஊஞ்சல் போல ஆடும், தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் இருக்காது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு என்று தெரிந்தால் ஒரு பங்கு கலப்பது உண்மையில் நன்மைதான்.

ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் அதை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்துக் குளோரின் போனபின் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரும் கலக்கும், எனவே அதையும் மீட்டரில் பார்த்துவிட்டே நம்புங்கள்.

முதல் அமைப்பு: ஒரு தெர்மாகோல் பெட்டி

பம்ப், கரன்ட், பைப் எதுவும் வேண்டாத ஒரு முறை இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கியது, அவர் பெயரிலேயே கிராட்கி முறை என்கிறார்கள். மூடிய பெட்டியில் சத்து நீர் இருக்கும். மூடியில் துளைபோட்டுச் செடி தொங்கும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும், நடுவில் ஈரக்காற்று நிறைந்த இடைவெளி உருவாகும். அந்த இடைவெளியில் இருக்கும் மேல் வேர்கள் காற்றுக்கு, அடியில் இருப்பவை நீருக்கு. அவ்வளவுதான் இதன் சூட்சுமம். கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. பைப் அமைப்பில் கை வைப்பதற்கு முன் இதில் ஒரு முறையாவது அறுவடை எடுத்துவிடுவது நல்லது.

வெளி அளவு 60 செ.மீ. நீளம், 40 அகலம், 30 உயரம் உள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்குங்கள். பழம், மீன், மருந்து வரும் பெட்டிகள் இந்த அளவில் கிடைக்கும். மீன் பெட்டி என்றால் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். தெர்மாகோல் வெயில் சூட்டை உள்ளே விடாது. பெயின்ட் பக்கெட்டைவிட இதைச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

பெட்டியின் உட்புறம் கறுப்புப் பாலிதீன் ஷீட்டை மடிப்பு விழாமல் விரித்து விளிம்பில் டேப் ஒட்டுங்கள். தெர்மாகோலில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருக்கும், வெளிச்சமும் உள்ளே வரும். வெளிச்சம் பட்ட சத்து நீரில் பாசி பிடிக்காமல் இருந்ததில்லை. மூடியில் ஆறு துளைகள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. நெட் பாட்டை முதலில் வாங்கி, அதன் கழுத்தை அளந்து, அதற்கேற்ற துளை போடுங்கள். துளையை முதலில் போட்டுவிட்டு நெட் பாட் தேடினால் அது உள்ளே விழும், இல்லையென்றால் நுழையாது. 2 இஞ்ச் நெட் பாட்டுக்குப் பெரும்பாலும் 5 செ.மீ. துளை சரியாக இருக்கும். தகர டப்பா ஒன்றின் வாயைச் சூடாக்கி அழுத்தினால் தெர்மாகோலில் சுத்தமான வட்டம் விழும். புகையை முகர வேண்டாம், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

இந்தப் பெட்டி சுமார் 40 லிட்டர் பிடிக்கும். முதல் நாள் நெட் பாட்டின் அடிப்பகுதி ஒரு செ.மீ. மட்டும் நீரில் நனையும்படி நிரப்ப வேண்டும். நிரப்பியபின் நகர்த்த முடியாது. இடத்தை முடிவு செய்து, செங்கல் மேல் மட்டம் பார்த்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். காலை வெயில் நான்கு ஐந்து மணி நேரம் கிடைத்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் சுவர் நிழல் விழும் இடம் இருந்தால் விடாதீர்கள்.

இந்த முறையில் பலரும் செய்யும் தவறு, பெட்டியில் நீர் குறைந்துவிட்டதே என்று பத்துப் பதினைந்து நாளில் மீண்டும் விளிம்பு வரை நிரப்புவது. காற்றுக்குப் பழகிய வேர்களை அது மூழ்கடித்துவிடும். அடுத்த நாளே செடி வாடி நிற்கும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றத் தோன்றும். நீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் மட்டும் பெட்டியின் மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை ஊற்றுங்கள்.

சத்துக் கரைசல்

செடிக்கு 17 தனிமங்கள் தேவை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வரும். மீதி 14-ஐயும் நாம்தான் தர வேண்டும். உரக்கடையில் 19:19:19 என்ற கலப்பு உரத்தை வாங்கிக் கரைத்துவிட்டால் போதும் என்று சொல்வோர் உண்டு. போதாது. அதில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. யூரியாவை நைட்ரேட்டாக மாற்றுவது மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள். பெட்டியில் அந்தப் பட்டாளம் இல்லை. கால்சியமும் அதில் கிடையாது. டி.ஏ.பி., சாணக் கரைசல், பஞ்சகவ்யம் எல்லாம் மண்ணுக்கு நல்லவை, இந்தப் பெட்டிக்குள் ஊற்றினால் இரண்டு நாளில் நாற்றம் எடுக்கும்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு உரம் விற்கும் கடைகளில் வேண்டியதெல்லாம் கிடைக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாலிஹவுஸ் பண்ணைகள் நிறைய இருப்பதால் அங்கே தேடவே வேண்டாம். கீரை வகைகளுக்கான ஒரு எளிய அளவு இது. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்து ‘ஏ’, ‘பி’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டில் ஏ: கால்சியம் நைட்ரேட் 80 கிராம், இரும்பு இ.டி.டி.ஏ. (12 சதவீதம்) 2 கிராம்.

பாட்டில் பி: பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) 40 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம், சீலேட் நுண்ணூட்டக் கலவை 1 கிராம்.

இரண்டிலும் முக்கால் பாட்டில் மழைத் தண்ணீரில் உரத்தைக் கரைத்து, பிறகு ஒரு லிட்டராக நிரப்புங்கள். நுண்ணூட்டப் பாக்கெட்டின் லேபிளில் போரானும் மாலிப்டினமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் துத்தநாகமும் இரும்பும் மட்டும்தான் இருக்கும். ஒன்று, இரண்டு கிராமைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. நகை எடைபோடும் சின்ன பாக்கெட் தராசு வேண்டும். நுண்ணூட்டம் இரண்டு மடங்கானால் செடி கருகும், குறைந்தால் வெளுக்கும். கண்ணளவு இங்கே உதவாது.

ஏன் இரண்டு பாட்டில்? கால்சியம் ஒரு பக்கமும், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மறுபக்கமும் அடர்த்தியாகச் சந்தித்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு போல அடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது, செடிக்கும் கிடைக்காது. நிறைய தண்ணீரில் நீர்த்த பிறகு சந்தித்தால் பிரச்சினை இல்லை. அதனால் வரிசை முக்கியம்: முதலில் பெட்டியில் தண்ணீர் முழுவதும், பிறகு ஏ, நன்றாகக் கலக்கல், அதன் பிறகு பி. இரண்டையும் ஒரே டம்ளரில் அளந்து ஊற்றிவிடாதீர்கள். பாலைப் போல வெளுத்தால் அந்தக் கரைசல் போனது போனதுதான்.

முழு அளவு என்பது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏ 10 மி.லி., பி 10 மி.லி. அது சுமார் 1.9 ஈ.சி.-யைக் கூட்டும். நம் வெயிலுக்கு அது அதிகம். செடி கோடையில் சத்தைவிட நீரையே அதிகம் குடிக்கும், எனவே மிச்சமிருக்கும் கரைசல் நாளுக்கு நாள் அடர்த்தியாகிக்கொண்டே போகும். மார்ச் முதல் ஜூன் வரை லிட்டருக்கு 6 மி.லி. போதும். குளிர் மாதங்களில் 8 மி.லி. நமது 40 லிட்டர் பெட்டிக்குக் கோடையில் ஒவ்வொன்றிலும் 240 மி.லி., மார்கழியில் 320 மி.லி. தண்ணீரின் சொந்த ஈ.சி.-யும் சேர்ந்து மீட்டர் 1.3 முதல் 1.9 வரை காட்டினால் சரி.

கலக்கி அரை மணி நேரம் கழித்து பி.எச். பாருங்கள். 5.5 முதல் 6.5 வரை வேண்டும். கூடுதலாக இருந்தால் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டைச் சீண்டவே வேண்டாம். எலுமிச்சம்பழமும் சிட்ரிக் அமிலமும் ஓரிரு நாள்தான் தாங்கும், நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும், பி.எச். மறுபடி ஏறிவிடும்.

இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. 85 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம் 100 லிட்டருக்கு 10 மி.லி. போட்டும் பி.எச். இறங்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பத்து மி.லி.-யே பாட்டில் பி-யில் உள்ள மொத்தப் பாஸ்பரஸ் அளவுக்கு இன்னொரு பங்கைச் சேர்த்துவிட்டது. அதற்கு மேல் போனால் கூடுதல் பாஸ்பரஸ் இரும்பையும் துத்தநாகத்தையும் முடக்கும். அந்தத் தண்ணீருக்கு மருந்து அமிலம் இல்லை, இன்னும் இரண்டு குடம் மழைத் தண்ணீர்தான்.

விதையும் நாற்றும்

எதை வளர்ப்பது என்பதில் ஒரு கருத்தைத் துணிந்து சொல்லலாம்: தக்காளி வேண்டாம். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் கூடை கூடையாக மண்ணில் விளைந்து வரும் பொருளை, பெட்டியில் பந்தல் கட்டி, 2.5 ஈ.சி. பராமரித்து வளர்ப்பது புதியவருக்கு வேண்டாத வேலை. பாலக்கீரை, புதினா, துளசி, கொத்தமல்லி, பாக்சாய் என்ற சீனக் கீரை ஆகியவை முதல் முறைக்கு நல்லவை. சிறுகீரை, தண்டுக்கீரை இன்னும் வேகம், 25 நாளில் கைக்கு வந்துவிடும். லெட்யூஸ் என்ற சாலட் கீரை ஓசூர், தளி பக்கம் ஆண்டில் பல மாதம் நன்றாக வரும். சுமார் 900 மீட்டர் உயரத்தின் கொடை அது. தருமபுரி, அரூர், ஊத்தங்கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் போடுங்கள், மார்ச்சில் போட்டால் பூத்துக் கசந்துவிடும்.

நாற்றுக்கு ஒரு இஞ்ச் ஸ்பாஞ்ச் துண்டின் நடுவில் கீறல் போட்டு இரண்டு விதை வையுங்கள். தென்னைநார்க் கழிவில் விதைத்தால், அதை மூன்று நான்கு முறை தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட வேண்டும். பைப் அமைப்புக்கு நார்க்கழிவு ஆகாது, தூள் கழன்று பம்பை அடைக்கும். முளைக்கும் வரை வெறும் தண்ணீர். முதல் உண்மையான இலை வந்ததும் பாதி அளவுச் சத்து நீர். 10 முதல் 14 நாளில் வேர் ஸ்பாஞ்சின் அடியில் எட்டிப் பார்க்கும்போது நெட் பாட்டுக்கு மாற்றலாம். அதற்கு முன்பே மாற்றினால் வேர் தண்ணீரை எட்டாமல் நாற்று காய்ந்துவிடும்.

நெட் பாட்டில் நிரப்ப லேகா என்ற களிமண் உருண்டையை ஆன்லைனில் விற்கிறார்கள். கருங்கல் குவாரிகள் நிறைந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை வாங்க வேண்டியதில்லை. கால் இஞ்ச் கருங்கல் சிப்ஸ் ஜல்லியே போதும். ஒரு போகத்துக்குள் கருங்கல் நீரில் குறிப்பிடும்படி எதையும் கரைத்துவிடாது. தூசி போகும் வரை நன்றாகக் கழுவுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கல்லில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், வேண்டாம்.

அடுத்த படி: நான்கு பைப்

பெட்டியில் இரண்டு மூன்று முறை கீரை எடுத்தபின் பைப்புக்கு வரலாம். பைப்பைச் சாய்த்து, அடியில் மெல்லிய படலமாக நீரை ஓடவிடும் என்.எஃப்.டி. முறையைத்தான் படங்களில் அதிகம் காட்டுகிறார்கள். பைப்பில் நீர் தேங்காது என்பதால் பம்ப் நின்றால் கோடையில் ஓரிரு மணி நேரத்தில் வேர் காயத் தொடங்கும். வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் நாளில் கரன்ட் போனால் மாலையில் 50 செடியும் தலை தொங்கிக் கிடக்கும். எனவே பைப்பை மட்டமாக வைத்து, எப்போதும் நான்கு செ.மீ. நீர் தேங்கி நிற்கும்படி செய்வது நம் ஊருக்குப் பொருத்தம்.

4 இஞ்ச் பி.வி.சி. பைப், 3 மீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகள். இரு முனையிலும் 15 செ.மீ. விட்டு, 20 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டால் ஒரு பைப்பில் 14 துளை விழும், மொத்தம் 56. நேர்கோடு வராவிட்டால் செடிகள் ஆளுக்கொரு பக்கம் சாயும். பைப்பின் மேல் நூல் கட்டி மார்க்கரில் கோடு இழுத்துக்கொண்டு, ஹோல் சா போட்டு மெதுவாகத் துளையுங்கள். பிசிறுகளைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பைப்புக்குள் தண்ணீர் அடித்து, விழுந்த தூளை வெளியேற்றிவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் பம்புக்குள் போகும்.

இரண்டு முனையிலும் எண்ட் கேப். ஒன்றில் முக்கால் இஞ்ச் டேங்க் நிப்பிள் மாட்டுங்கள். அதன் உள்வாயின் கீழ் உதடு பைப்பின் அடியிலிருந்து நான்கு செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நீர் அந்த அளவுக்கு ஏறினால்தான் வெளியே வழியும், மீதி உள்ளேயே நிற்கும். இப்படி ஒரு பைப்பில் சுமார் 9 லிட்டர் தங்கும். கரன்ட் போனாலும் வேர் அந்த நீரில் இருக்கும், பம்ப் திரும்ப வரும்வரை பல மணி நேரம் தாங்கும்.

டேங்க் 100 லிட்டர், கறுப்பு அல்லது நீல நிறம், மூடியுடன். அதைப் பாதி மண்ணில் புதைத்துவிட்டால் மே மாதத்தில் அருமை தெரியும். பம்புக்கு ஏர்கூலரில் போடும் சின்ன சப்மெர்சிபிள் பம்ப் போதும். இரண்டு மீட்டர் ஏற்றக்கூடியதாக, மணிக்கு ஆயிரம் லிட்டர் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரு பைப்புக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வந்தால் போதும். ஒரு லிட்டர் பாட்டில் 40 விநாடியில் நிரம்புகிறதா என்று பிடித்துப் பார்த்துவிடலாம். பம்பிலிருந்து 16 மி.மீ. லேட்டரல் டியூப், அதிலிருந்து ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு வால்வு வைத்த கிளை. எல்லாமே சொட்டுநீர்க் கடைச் சாமான்கள். கிளைக்கு மெல்லிய மைக்ரோ டியூப் போட்டால் அடைக்கும், 8 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். பைப்பிலிருந்து வழியும் நீர் டேங்கில் ஒரு அடி உயரத்திலிருந்து சளசளவென்று விழட்டும். அந்தச் சத்தம்தான் நீரில் காற்று கலப்பதற்கான அடையாளம்.

பைப்பைத் தாங்க ஹாலோ பிளாக் அடுக்கினாலே போதும், ஒரு மீட்டருக்கு ஒரு தாங்கல். இடையில் தொய்ந்தால் அங்கே நீர் ஆழமாகி, முனையில் வேர் காயும். டியூப் லெவல் போட்டு மட்டம் பாருங்கள். பைப்புக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வலையைச் சுற்றிலும் கீழே வரை இறக்கிவிட்டால் கோழியும் ஆடும் உங்களுக்கு முன்பு அறுவடை செய்யாது.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கை விடும் டேங்குக்குள் பம்ப் இருக்கிறது. மின்கசிவு வந்தால் உடனே கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்துதான் ஒயர் எடுக்க வேண்டும். பிளக் மழை படாத உயரத்தில் இருக்கட்டும். டேங்கில் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். டைமர் வைத்துப் பகலில் 15 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் ஓய்வு. இரவில் மணிக்கு ஒரு முறை போதும்.

டேங்கும் பைப்பும் சேர்த்துச் சுமார் 135 லிட்டர். ஏ ஒரு பாட்டில், பி ஒரு பாட்டில் முழுதாக ஊற்றினால் லிட்டருக்கு ஏழரை மி.லி. வரும். தொடங்க அதுவே சரியான அளவு, கோடையில் முக்கால் பாட்டில் போதும். அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை மீட்டர். நீர் குறைந்து ஈ.சி. ஏறியிருந்தால் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். நீரும் குறைந்து ஈ.சி.-யும் இறங்கியிருந்தால் சத்தும் சேர்த்து ஊற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள். வெளியே எடுக்கும் நீரைச் சாக்கடையில் விடாமல் மாமரத்துக்கோ முருங்கைக்கோ பாய்ச்சலாம்.

எங்கே கெடும், ஏன் கெடும்

இந்தப் பகுதியில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது. இரும்புக் குறைபாடு. கரைசலில் இரும்பு இல்லாததால் அல்ல, பி.எச். 6.5-ஐத் தாண்டியதால், இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும் இ.டி.டி.ஏ. தன் பிடியை விட்டுவிடுகிறது. முதலில் பி.எச்.-ஐ இறக்குங்கள், இன்னும் இரும்பு போடுவதில் பயனில்லை. உங்கள் தண்ணீரில் பி.எச். ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்றால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு வாங்குங்கள், அது காரத்திலும் தாங்கும். பழைய இலை முழுவதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் நரம்புகளுக்கு நடுவில் வெளுத்தால் மெக்னீசியம். குருத்து இலையின் ஓரம் கருகினால் கால்சியம் எட்டவில்லை என்று பொருள். கால்சியம் தண்ணீரோடு சேர்ந்தே மேலே ஏறும், அதனால் வெயிலும் அதிக ஈ.சி.-யும் சேர்ந்தால் நுனிக்குப் போய்ச் சேராது. நிழலைக் கூட்டி, ஈ.சி.-யைக் குறைத்தால் புது இலை சரியாக வரும், கருகிய இலை திரும்பாது.

வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாகி, வழுவழுப்பாகி, நாறினால் அழுகல் நோய். தண்ணீரின் சூடுதான் மூலகாரணம். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சூடான நீரில் வேருக்கு மூச்சுத் தேவை கூடுகிறது, காற்று குறைகிறது, பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமி பெருகுகிறது. டேங்க் நீர் 28 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். ஈரச் சாக்கு சுற்றுவது, உறைந்த தண்ணீர் பாட்டிலை மதியம் மிதக்கவிடுவது இரண்டும் உதவும். தருமபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் இவ்வளவும் செய்தும் 30-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த இரண்டு மாதம் தண்டுக்கீரை, புதினா தவிர மற்றதை நிறுத்தி வைப்பது தோல்வி ஆகாது.

மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் கவலையில்லை. காலையிலும் வாடி நின்றால் வேரைத் தூக்கிப் பாருங்கள். ஒரு பைப்பில் மட்டும் நீர் துளை வழியே வழிந்தால் புதினா வேர் வடிகால் நிப்பிளுக்குள் புகுந்திருக்கும். அசுவினி வந்தால் வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் இலையின் அடியில் அடிக்க வேண்டும், டேங்கில் விழக் கூடாது.

கொசுவைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. அசையாத நல்ல தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம், கிராட்கி பெட்டி அப்படியே அதுதான். காலியான துளைகளை நெட் பாட்டும் ஸ்பாஞ்சும் வைத்து அடைத்துவிடுங்கள், மூடியின் ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். மழைத் தண்ணீர் டிரம்மின் வாயிலும் மெல்லிய வலை கட்டி இறுக்க வேண்டும்.

பாலக்கை 35 நாளில் வெளி இலைகளாகக் கிள்ளத் தொடங்கலாம், நடுக்குருத்தை விட்டால் இன்னும் இரண்டு மூன்று முறை வரும். ஒரு போகம் முடிந்ததும் வேரை முழுவதும் எடுத்து, பெட்டியையும் பைப்பையும் நெட் பாட்டையும் தேய்த்துக் கழுவி, 10 லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை அவற்றில் அரை மணி நேரம் நிற்கவிட்டு, இரண்டு முறை அலசி வெயிலில் காயவையுங்கள். ஜல்லியை மறுபடி பயன்படுத்தலாம், ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.